செவ்வாயில் ஒரு குடம் தண்ணீர்

(‘கதைக்கு ஏற்றது கண்ட உலகமா, காணாத உலகமா?’ என்ற தலைப்பில் திண்டுக்கல்லில் நடந்த அரங்கத்தில், ‘காணாத உலகமே’ என்ற அணியில் ஓர் இயற்பியல் ஆசிரியை பேசியது.)



எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் ஒரு கேள்வி கேட்டார். “ஏம்மா, நம்ம ஊர்ல கிணறு வத்திக் கெடக்கு. நீங்க செவ்வாய்க் கிரகத்துல கிணறு தோண்டிக் கதை எழுதுறீங்களே, இது அடுக்குமா?” என்று கேட்டார். அரங்கமே கைதட்டியது. நானும் தட்டினேன். கேள்வி அவ்வளவு நல்ல கேள்வி.

அண்ணே, அடுக்கும். எப்படி அடுக்கும்னு சொல்லத்தான் இந்த மைக்கைப் பிடிச்சிருக்கேன்.

நான் வேடசந்தூர் பக்கம் ஒரு பள்ளியில் இருபத்திரண்டு வருடமாக இயற்பியல் சொல்லிக் கொடுக்கிறேன். பகலில் நியூட்டன் விதி. இராத்திரி பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்த பிறகு கதை. மனிதன் ஒரு நிமிஷம்கூட உயிரோடு நிற்க முடியாத கிரகங்களில் நடக்கிற கதைகள். என் மாமியாரிடம் யாராவது கேட்டால், “எங்க மருமக செவ்வாய், சனின்னு என்னமோ எழுதும்” என்பார். கேட்டவங்க ஜோசியம்னு நெனச்சு ஜாதகத்தோட வந்து நிக்கிறாங்க! (சிரிப்பு)

எதிரணி சொல்கிறது: கண்டதை எழுதினால் உண்மை இருக்கும், காணாததை எழுதினால் இஷ்டத்துக்கு அள்ளி விடலாம் என்று. அய்யா, நான் சொல்கிறேன், காணாத உலகத்தை எழுதுகிறவனுக்குத்தான் கட்டுப்பாடு அதிகம்.

1963-ல் ‘கலை அரசி’ என்று ஒரு படம் வந்தது. எம்.ஜி.ஆரும் பானுமதி அம்மாவும் நடித்தது. வேற்றுக் கிரகத்துக்காரர்கள் பூமிக்கு வந்து பானுமதி அம்மாவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். எதற்கு? அவங்க ஊர்ல பாட்டும் ஆட்டமும் தெரியாதாம், கத்துக்கொடுக்கணுமாம்! (சிரிப்பு) நம்ம சங்கீதத்துக்கு இதைவிட என்ன பெருமை வேண்டும்? அறுபது வருடத்துக்கு முன்னால் அது போதும். இன்றைக்குப் பிள்ளைகள் விடமாட்டார்கள். “மிஸ், அங்க காத்து இருந்துச்சா? காத்து இல்லாம பாட்டு எப்படிக் கேக்கும்?” என்று ஆறாம் வகுப்புப் பொடியன் கேட்கிறான்.

அந்தக் கேள்வியில்தான் கதை பிறக்கிறது. ஓர் உதாரணம் சொல்கிறேன். நம்ம ஊர் உதாரணம். செவ்வாய்க் கிரகத்தில் திண்டுக்கல் பிரியாணி செய்ய முடியுமா? (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

சிரிக்காதீங்க. சீரகச் சம்பா அரிசியெல்லாம் கையோட கொண்டு போயாச்சுன்னே வெச்சுக்குவோம். முதலில் நம்ம மாவட்டத்திலேயே இருக்கிற கொடைக்கானலுக்குப் போவோம். அங்கே திறந்த குண்டானில் சோறு வேக நேரமாகும். ஏன்? மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறைகிறது. இங்கே ஏறத்தாழ நூறு டிகிரியில் கொதிக்கிற தண்ணீர், அங்கே 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடுகிறது. சூடு பத்தாமல் அரிசி அடம் பிடிக்கிறது. மூணு மணி நேரம் பஸ்ஸில் மேலே ஏறினதுக்கே இந்தப் பாடு!

செவ்வாயில் காற்றழுத்தம் நம்முடையதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. அங்கே வெட்டவெளியில் தண்ணீர் வைத்தால் பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். கொதிக்கும், ஆனா சுடாது! தளபுளன்னு பொங்குற தண்ணிக்குள்ள அரிசி பச்சையாவே கெடக்கும். சரி, மூடிய வீட்டுக்குள்ளே அழுத்தம் உண்டாக்கிச் சமைக்கலாம். அடுப்பு? அங்கே காற்றில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு கரியமில வாயு. விறகு எரியாது. வீட்டுக்குள் எரித்தால் வீட்டிலிருக்கிறவர்கள் மூச்சுவிட வைத்திருக்கும் ஆக்சிஜனை அடுப்பு குடித்துவிடும்.

அந்த ஆக்சிஜன் எவ்வளவு அருமை தெரியுமா? அமெரிக்காவின் பெர்சிவரன்ஸ் வண்டி 2021-ல் செவ்வாயில் இறங்கியது. அதில் அங்குள்ள காற்றிலிருந்தே ஆக்சிஜன் பிரிக்கும் சிறு கருவி ஒன்று இருந்தது. 2023 வரை பதினாறு தடவை இயக்கினார்கள். மொத்தம் கிடைத்தது 122 கிராம். ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு முக்கால் கிலோவுக்கு மேல் வேண்டும். ரெண்டு வருஷம் சேத்தது, ஒருத்தர் மூணரை மணி நேரம் மூச்சு விடத்தான் காணும்.

அப்படிப்பட்ட ஊரில் ஒரு கல்யாண வீடு. அப்பத்தாவுக்குச் சாகிறதுக்குள்ளே ஒரு தடவை விறகடுப்பில் தம் போட்ட பிரியாணி சாப்பிடணும்னு ஆசை. மூட்டலாமா, கூடாதா? மூட்டினால் யாருடைய மூச்சு குறையும்? அடுப்பு மூட்டுவதற்குப் பஞ்சாயத்துக் கூட்ட வேண்டிய ஊர் அது! பாத்தீங்களா, கதை வந்திருச்சு. நான் இட்டுக் கட்டவில்லை. காற்றழுத்தம் என்ற ஓர் எண் கொண்டுவந்து கொடுத்த கதை அது. (கைதட்டல்)

எண்ணை விட்டுவிட்டால் என்ன ஆகும்? ‘தி மார்ஷியன்’ நாவலும், 2015-ல் வந்த அதன் படமும் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். செவ்வாயில் பெரும்புயல் அடித்து ராக்கெட்டே சாயப் பார்க்கும். அதனால்தான் கதாநாயகன் தனியே மாட்டிக்கொள்வான். நம்ம ஊர்ல ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும். ஆனால் செவ்வாயில் காற்று அவ்வளவு மெல்லிசு. நூறு கிலோமீட்டர் வேகத்தில் அடித்தாலும் விசிறி வீசியதுபோல்தான் இருக்கும். அந்தப் புயல் நடக்காத காரியம் என்று எழுதியவரே, ஆண்டி வேயர், வெளிப்படையாகச் சொன்னார். மற்ற கணக்கையெல்லாம் அவ்வளவு பொறுப்பாகப் போட்டவர் என்பதால்தான் அந்த ஒரு புயலை உலகமே கண்டுபிடித்துக் கேட்டது. கண்ட உலகத்தை எழுதுகிறவரை யாராவது இப்படித் துருவிக் கேட்பார்களா?

இதெல்லாம் வெள்ளைக்காரன் சரக்கு, நமக்கு எதுக்கு என்கிறார்கள். அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது.

தமிழய்யா யாராவது இருந்தால் சாட்சி சொல்லட்டும். தொல்காப்பியர் என்ன சொன்னார்? முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள். முதலில் நிலத்தையும் பொழுதையும் வை. அப்புறம் அந்த நிலத்துக்கு உரிய உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில் எல்லாம் வை. அதற்கப்புறம் அந்த இடத்துக்குப் பொருந்துகிற மனித உணர்ச்சியை வை. ஒரு புதுக் கிரகத்தைக் கதையில் கட்டுகிறவன் செய்கிற வேலை அட்சரம் பிசகாமல் இதுதான்! நிலம் எது, பொழுது எவ்வளவு நீளம், அங்கே என்ன தின்பான், என்ன தொழில் செய்வான், அவன் மனசு எதற்கு ஏங்கும்?

அதிலும் பாலைத் திணை இருக்கிறதே! முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்தால் பாலையாகும் என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. பாலைக்குப் பொழுது வேனில், நண்பகல். உணர்ச்சி பிரிவு. நிலாவில் ஒரு பகல் என்பது நம் கணக்கில் பதினான்கு நாள். பதினான்கு நாள் நண்பகல்! வீட்டை விட்டு லட்சக்கணக்கான கிலோமீட்டர் பிரிவு! உயிர் தரிக்காத உலகத்தைப் பற்றி எழுத உலகத்திலேயே யாருக்காவது பாத்தியதை இருக்கிறது என்றால், பாலை பாடிய தமிழனுக்கு இருக்கிறது. (பலத்த கைதட்டல்)

நமக்கு முன்னோடிகளும் இருக்கிறார்கள். ‘என் இனிய இயந்திரா’வில் ஜீனோ என்ற இயந்திர நாய்க்குட்டியை நம்ம வீட்டுப் பிள்ளை மாதிரி பேச வைத்தார் சுஜாதா. அவர் பெங்களூரில் மின்னணுத் தொழிற்சாலையில் வேலை பார்த்த பொறியாளர். கடலுக்கு அந்தப் பக்கம், 1956-லிருந்து இலங்கையில் வாழ்ந்தவர் ஆர்தர் கிளார்க். இரண்டு பேரும் 2008-ல், ஒரு மாத இடைவெளிக்குள் மறைந்தார்கள். கிளார்க் 1961-ல் ஒரு நாவல் வெளியிட்டார். நிலாவில் தூசி கடல் மாதிரி ஆழமாகக் கிடக்கிறது. அதில் மிதந்து போகிற சுற்றுலாப் படகு ஒன்று சுமார் இருபது பேருடன் மூழ்கிவிடுகிறது. 1966-ல் விண்கலங்கள் இறங்கிப் பார்த்தபோது தரை கெட்டியாகத்தான் இருந்தது. தூசிக் கடல் இல்லை. ஆனால் அந்த நாவலை இன்றும் படிக்கிறார்கள். ஏன்? உள்ளே அடைபட்டவர்களின் மூச்சுக்கும், ஏறுகிற சூட்டுக்கும், பயத்துக்கும் அவர் நேர்மையாகக் கணக்குச் சொன்னார்.

நிலாத் தூசி என்றதும் இன்னொன்று சொல்ல வேண்டும். சந்திரயானின் லேண்டரையும் ரோவரையும் பூமியில் சோதித்துப் பார்க்க நிலா மண் வேண்டியிருந்தது. எங்கே கிடைத்தது? அமெரிக்காவிலா? கரூரைத் தாண்டினால் நாமக்கல் மாவட்டம். அங்கே சித்தம்பூண்டி, குன்னமலை என்று இரண்டு கிராமங்கள். அங்குள்ள அனார்த்தோசைட் பாறை, நிலாவின் மேட்டு நிலத்துப் பாறைக்கு உறவு. அதை உடைத்து அரைத்து, ஏறத்தாழ ஐம்பது டன் மண்ணாக்கி, அதன்மேல்தான் நம்ம விஞ்ஞானிகள் ஒத்திகை பார்த்தார்கள். 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நிலாவின் தென்பகுதியில் இறங்கியது. திட்ட இயக்குநர் வீரமுத்துவேல், விழுப்புரத்துக்காரர்.

இறங்கி என்ன சொன்னது? தரைமேல் ஐம்பது டிகிரிக்கு மேல் சூடு. எட்டு சென்டிமீட்டர் கீழே, அதாவது நாலு விரக்கடை ஆழத்தில், மைனஸ் பத்து டிகிரி! உள்ளங்கால் வேகும், விரலை விட்டால் உறையும். எந்தக் கதாசிரியன் இதைக் கற்பனை செய்தான்? நம்ம பூட்டை அங்கே கொண்டுபோங்கள். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய திண்டுக்கல் பூட்டு! காற்றில்லாத இடத்தில் அதற்குப் போட்ட எண்ணெய் ஆவியாகிவிடும். தேய்க்கக் காற்றும் தண்ணீரும் இல்லாததால் நிலாத் தூசி கண்ணாடித் தூள் மாதிரி கூராகவே இருக்கும். அது சாவித் துவாரத்தில் புகுந்தால் அறுத்துவிடும். அங்கே திறக்கிற பூட்டை யார் செய்வது? நம்ம நாகல் நகர் ஆசாரி ஒருத்தர் செய்கிறார் என்று நான் கதை எழுதினால் அது காணாத உலகமா, கண்ட உலகமா? (கைதட்டல்)

இப்போது அண்ணனின் கிணற்றுக்கு வருகிறேன்.

2008-ல் பீனிக்ஸ் என்ற கலம் செவ்வாயின் வடபகுதியில் இறங்கி, மண்ணுக்கு அடியில் பனிக்கட்டி இருப்பதை உறுதி செய்தது. சந்தோஷம், தண்ணி இருக்கு! ஆனால் அதே கலம் அதே மண்ணில் பெர்குளோரேட் என்ற உப்பையும் கண்டது. உடம்புக்குள் போனால் தைராய்டு சுரப்பியைக் கெடுக்கும் உப்பு. தண்ணி இருக்கு, அப்படியே எடுத்துக் குடிக்க முடியாது.

இந்தக் கதையை நீங்கள் எங்கேயோ கேட்ட மாதிரி இல்லை? திண்டுக்கல்லைச் சுற்றித் தோல் பதனிடும் கழிவு நிலத்தில் இறங்கி, எத்தனை கிராமத்துக் கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாமல் போனது! ஆராய்ச்சிக்காரர்கள் பலமுறை எழுதிவைத்த சேதி அது. கிணற்றில் தண்ணீர் தளும்பும். மாடு மோந்து பார்த்துவிட்டுத் திரும்பும். அண்ணே, செவ்வாய் தானாகப் பாலையானது. நம்ம ஊரை நாமே செவ்வாய் ஆக்கிக்கொண்டிருக்கிறோம். அதைச் சொல்வதற்குத்தான் அந்தக் கதை. (அரங்கம் அமைதி, பிறகு கைதட்டல்)

விண்வெளி நிலையத்தில் வேர்வை, சிறுநீர் உட்பட எல்லாத் தண்ணீரையும் சுத்தம் செய்து, நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு பங்கை மீட்டுவிட்டோம் என்று 2023-ல் நாசா பெருமையாக அறிவித்தது. பெருமைதான். எங்க அப்பத்தா வீட்டில் அரிசி களைஞ்ச தண்ணி மாட்டுக்கு. பாத்திரம் கழுவின தண்ணி முருங்கைக்கு. குளிச்ச தண்ணி வாழைக்கு. ஒரு சொட்டு தெருவுக்குப் போனால் கிழவி சண்டைக்கு வந்துவிடும். வறண்ட பூமியில் பிறந்தவனுக்குத் தெரியாத எந்தக் கிரகத்தை ஒருவன் புதிதாகக் கற்பனை செய்துவிடப் போகிறான்?

கடைசியாக ஒன்று. பெயர் சொல்லமாட்டேன், என் வகுப்பில் படித்த பிள்ளை. ஈர்ப்பு விசைப் பாடம் முடிந்ததும், “ஏதாவது ஒரு கிரகத்தில் உங்கள் வீட்டை வைத்து இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வாருங்கள்” என்றேன். எல்லாரும் பறக்கும் தட்டு, லேசர் துப்பாக்கி என்று எழுதினார்கள். இந்தப் பிள்ளை செவ்வாயில் தண்ணீர் லாரிக்குக் காத்திருப்பதை எழுதியது.

கணக்கு சரியாகப் போட்டிருந்தது. அங்கே ஈர்ப்பு நம்முடையதில் நூற்றுக்கு முப்பத்தெட்டு பங்கு. பதினைந்து லிட்டர் குடம் இங்கே பதினைந்து கிலோ கனக்கும். அங்கே ஆறு கிலோவுக்கும் குறைவாகத்தான் கனக்கும். இடுப்பில் ஒன்று, தலையில் ஒன்று, கையில் ஒன்று என்று மூன்று குடம் தூக்கலாம் என்று எழுதியிருந்தது. நான் சிரித்துக்கொண்டே படித்தேன். கடைசி வரிக்கு வந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. “இந்தக் கிரகத்தில் குடத்தின் கனம் குறைந்துவிட்டது, ஆனாலும் அண்ணன் தூங்குகிறான், நான்தான் தூக்குகிறேன்” என்று முடித்திருந்தது அந்தப் பிள்ளை.

(நீண்ட கைதட்டல்)

அய்யா, “எங்க வீட்ல நான் மட்டும்தான் தண்ணி சுமக்கிறேன், படிக்க நேரமில்லை” என்று அந்தப் பிள்ளை நேராக ஒரு கட்டுரை எழுதியிருந்தால் என்ன நடந்திருக்கும்? “குடும்ப விஷயத்தை ஸ்கூல்ல போய் எழுதினியா?” என்று அடி விழுந்திருக்கும். செவ்வாய் என்று எழுதியதால் தகப்பனார் முழுவதும் படித்தார். எத்தனையோ கோடி கிலோமீட்டர் தள்ளி நின்று பார்த்ததால் அவருக்குத் தன் வீட்டு வாசல் தெரிந்தது. மறுநாள் தண்ணீர் லாரி வந்தபோது குடத்தை எடுத்தது அண்ணன்காரன். “ஒரு நாள்தான் மிஸ் எடுத்தான்” என்று அதுவே சிரித்துக்கொண்டு சொன்னது. பரவாயில்லை. ஒரு கதைக்கு ஒரு நாள்! அது இன்னும் நூறு கதை எழுதட்டும்! (சிரிப்பு, கைதட்டல்)

கண்ட உலகத்தை எழுதக் கூடாது என்று நான் சொல்லவில்லை. நம்ம வத்தலக்குண்டு மண், ராஜமய்யரையும் பி.எஸ்.ராமையாவையும் தமிழுக்குத் தந்தது. அதே ஊரில் வளர்ந்த சி.சு.செல்லப்பா, ‘வாடிவாசல்’ எழுதி மாட்டின் மூச்சையும் மனிதனின் மூச்சையும் நமக்குக் காட்டினார். ஒரு மண்ணை முழுசாக அறிந்தவர்கள் அவர்கள். நான் கேட்பது, அந்த அறிவை எடுத்துக்கொண்டு இன்னும் ஒரு எட்டு தள்ளிப் போகச் சொல்லி. பழகிப் போன துன்பம் கண்ணுக்குத் தெரிவதில்லை. தினமும் சுமக்கிற குடம் நமக்கு ஒரு விஷயமே இல்லை. அதைத் தூக்கிக்கொண்டுபோய்ச் செவ்வாயில் வைத்தால்தான், “அட, இது ஏன் இப்படி இருக்கு?” என்று கேட்கத் தோன்றுகிறது.

அதனால் பெற்றோர்களே, உங்கள் வீட்டில் ஒரு பிள்ளை நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் நிலாவையும் சனியையும் கிறுக்கிக்கொண்டிருந்தால், “பொழப்பைப் பாரு” என்று பிடுங்காதீர்கள். “அங்க காத்து இருக்கா? தண்ணி யாரு கொண்டாருவா?” என்று இரண்டு கேள்வி கேளுங்கள். அந்தப் பிள்ளை பதிலைத் தேடிப் போகும். போகிற வழியில் விஞ்ஞானமும் கற்கும், நியாயமும் கற்கும்.

எதிரணி அண்ணனுக்கு ஒரு வார்த்தை. உங்க ஊர்க் கிணற்றை நான் மறக்கவில்லை அண்ணே. நான் செவ்வாயில் தோண்டுகிற கிணறும் அதுதான். கதைக்கு ஏற்றது காணாத உலகமே என்று கூறி அமர்கிறேன்.

(பலத்த கைதட்டல்)